கோலி பேரையும் போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

மார்த்தாண்டத்துல இருந்து எழுதுறேன், உங்க பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தைப் படிச்சிட்டுத்தான் மத்ததுக்குப் போவேன். ஹாக்கி செய்தியில கோல் அடிச்சது யாரு, எத்தனாவது நிமிஷம்னு எல்லாம் கரெக்டா வருது, ஆனா கோலி, அதான் கோல் போஸ்ட்டைக் காக்குற கோல்கீப்பர், அவர் பேரு மட்டும் மெடல் கிடைச்ச அன்னைக்குத்தான் வருது. நம்ம இந்திய ஹாக்கி டீம் கோலி ஸ்ரீஜேஷ் 18 வருசம் போஸ்ட்ல நின்னு 336 மேட்ச் ஆடிட்டு ரிட்டயர் ஆயிட்டாரு, இன்னும் இப்படியேன்னா எப்படி சார்.

எங்க பக்கம் அவரை யாரும் வெளியூர்க்காரரா நினைக்கிறதில்ல. ஊரு எர்ணாகுளத்துப் பக்கம் கிழக்கம்பலம், ஆனா ஆட்டம் படிச்சது திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்ல, களியக்காவிளை எல்லை தாண்டினா கொஞ்ச நேரம்தான். மகனுக்கு கோலி கால்ல கட்டுற பேட் வாங்க அவங்க அப்பா பசுமாட்டை வித்த கதையை எங்க டீக்கடையில சொல்லாத ஆளு கிடையாது, ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் அந்த மாடு கறந்த பாலு ஒரு லிட்டர் கூடிட்டே போகும்.

நானும் ஸ்கூல்ல கோலிதான். ஆசைப்பட்டு நிக்கல, ஓட முடியாதவனையும் புதுசா வந்தவனையும் பிடிச்சு போஸ்ட்ல நிறுத்துறதுதான் அப்போ வழக்கம். கிரிக்கெட் பேடைத்தான் மாட்டிக்குவோம், அதுல இடது கால் வார் அறுந்துபோய் பழைய கைலியைக் கிழிச்சு கட்டியிருந்தது, அந்த பேடு பாதத்தை மறைக்காது, பந்து நேரா வந்து பெருவிரல்லதான் விழும், எனக்கு அந்த நகம் இன்னைக்கும் கோணலாத்தான் வளருது.

அதனாலயோ என்னவோ, டோக்கியோ ஒலிம்பிக்ல வெண்கல மேட்ச்ல ஜெர்மனிக்கு எதிரா நாம 5-4 முன்னால, இன்னும் 6.8 செகண்டுதான் பாக்கி, ஜெர்மனிக்கு பெனால்ட்டி கார்னர், அதான் கோலைப் பாத்து அடிக்க ஒரு நல்ல வாய்ப்பு, அப்படின்னு சொன்னதும் எனக்கு கால்தான் முதல்ல கூசுச்சு. ஸ்ரீஜேஷ் தடுத்தாரு, 41 வருசம் கழிச்சு மெடல் வந்துச்சு, அப்புறம் போஸ்ட் மேல ஏறி உக்காந்தாரு, எல்லாரும் அந்த போட்டோவைத்தான் வச்சிருக்காங்க. எனக்கு மனசுல நிக்கிறது அவர் சத்தம். கொரோனா நேரம், ஆளில்லாத ஸ்டேடியம், டிவியில அவர் பின்னால நின்னு கத்துறது அப்படியே கேட்டுது, மொத்த மைதானமும் தெரியுறது கோலிக்கு மட்டும்தானே, அவன் வாயை மூடினா முன்னாடி நிக்கிறவன் பாதி குருடன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல பிரிட்டனோட குவார்ட்டர் பைனல் அதைவிட மேல. 17-வது நிமிஷத்துல நம்ம டிஃபெண்டர் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு, மிச்ச நேரம் பூரா பத்துப் பேரு, 1-1-ல பிடிச்சு நிறுத்தி கோலியை ஒத்தைக்கு ஒத்தை எதிர்க்குற ஷூட் அவுட்ல 4-2 ஜெயிச்சோம். நாலு நாள் கழிச்சு ஸ்பெயினை 2-1 ஜெயிச்சு வெண்கலத்தோட போயிட்டாரு. 2012 லண்டன்ல நம்ம டீம் பன்னிரண்டாவதா, கடைசியா வந்தப்பவும் டீம்ல இருந்த ஆளு, அதை யாரும் சொல்றதில்ல, முட்டி அடிபட்டு மாசக்கணக்கா வெளிய உக்காந்திருந்ததையும் சொல்றதில்ல. அந்த 16-ம் நம்பர் ஜெர்சிக்கே ஓய்வு குடுத்துட்டாங்க. அவரு ஓயல, ஜூனியர் பசங்களுக்கு கோச்சா போய் அந்த வருசமே மஸ்கட்ல பாகிஸ்தானை 5-3 ஜெயிச்சு ஜூனியர் ஆசியக் கோப்பையோட வந்தாரு.

இப்போ எங்க தெருவுல எட்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு பையன் இருக்கான், சாயங்காலம் மட்டையோட வந்ததும் "அண்ணே நான் கோலி நிக்கேன்"ன்னு அவனே கேக்கான், ரெண்டு பேரு அதுக்கு அடிச்சுக்கிட்டு டாஸ் போட்ட நாளும் உண்டு. என் காலத்துல சத்தியமா நடக்காது. அவன் காலையில எங்க வீட்டுக்கு வந்து உங்க பேப்பரைப் புரட்டி கோலி யாருன்னு தேடிட்டு, "போடல்லியே"ன்னு மடிச்சு வச்சிட்டுப் போறான் சார். ஸ்கோருக்குக் கீழ ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய கோலி,
மார்த்தாண்டம்