ஆண்டறிக்கை 2024–25: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் இயற்கை மன்றத்தின் செயற்குழு நான்கு முறை கூடியது. ஜூனில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பறவை நடை நடந்தது. ஆகஸ்டில் குளக்கரையில் பனை விதை ஊன்றினோம். டிசம்பரில் போவதாக இருந்த டாப்சிலிப் பயணம் மழையால் நின்றது. வண்டிக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வந்துவிட்டது.

கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் அதன் உறவுப் பூச்சிகளையும் எங்கே, எப்போது கண்டோம் என்று எழுதிவைக்கும் பதிவேட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பூச்சிக்கு ஏன் இவ்வளவு நேரமும் பணமும் என்று இரண்டு கூட்டங்களில் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

2016இல் நம் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. இந்தியாவில் அதை முதலில் கண்டது இங்கேதான். ஓலையின் அடியில் வெள்ளை மெழுகு, கீழ் ஓலைகளில் கரும்பூசணம் என்று தோப்புகள் கறுத்துப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். போன ஆண்டு ஒரு தோப்புக்காரர் ஓலைத் துண்டைக் கொண்டுவந்து, "இதுல மாவுப்பூச்சியும் ஏறிருச்சுங்க, மருந்து அடிக்கலாமா?" என்று கேட்டார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது மாவுப்பூச்சி இல்லை. வெள்ளை ஈயின் மெழுகையும் தின்று போட்ட கூடுகளையும் முதுகில் சுமந்துகொண்டு நடக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. அரிவாள் போன்ற இரண்டு தாடைகள், உள்ளே குழல். குத்தி உறிஞ்சிவிட்டுத் தோலை முதுகில் போட்டுக்கொள்ளும். மருந்து அடித்திருந்தால் வெள்ளை ஈயைத் தின்ன வந்ததையே கொன்றிருப்பார். வேளாண் பல்கலைக்கழகம் இதே பூச்சியில் அபெர்டோகிரைசா என்ற வகையின் முட்டைகளைத் தோப்புகளுக்குக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே நம் தோப்புகளில் எந்தெந்த வகை, எந்த மாதம், எந்தப் பக்கம் இருக்கிறது என்று நாம் யாராவது எழுதி வைத்திருக்கிறோமா என்று தேடினேன். நம் அலமாரியில் ஒரு பக்கம்கூட இல்லை. பதிவேடு அதனால்தான் தொடங்கியது.

தொடங்கியதும் மன்றத்தில் பூச்சிகளைக் குத்திவைத்திருக்கும் பழைய பெட்டிகளைப் பிரித்தேன். தட்டான் என்று எழுதியிருந்ததில் ஏழு, தட்டானே இல்லை. கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கு உறவான குழிநரியின் வளர்ந்த பூச்சிகள். திண்ணை ஓரத்து மழைபடாத மண்ணில் புனல்போலக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அதுதான் பெரிதாகி இறக்கை முளைத்து இப்படி ஆகிறது. பார்வைக்குத் தட்டான்தான். ஆனால் தட்டானின் உணர்கொம்பு முடி அளவுதான் இருக்கும். இதற்கு நீண்டு நுனி தடித்திருக்கும். உட்காரும்போது இறக்கையைக் கூரைபோல உடம்பின் மேல் சாய்த்துக்கொள்ளும். தட்டானுக்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது, இதற்கு உண்டு. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் நரம்பிறகிகள் என்று, கண்ணாடி இறக்கைப் பூச்சியும் குழிநரியும் அடங்கிய ஒரு வரிசை வகுத்தபோது தட்டானையும் அதில்தான் சேர்த்தார், பின்னால் வந்தவர்கள்தான் பிரித்தார்கள். எனவே நம் பழைய உறுப்பினர்கள் குழம்பியதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெட்டியை மாற்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்பதைச் சொல்கிறேன்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் பச்சை வகைகளில் பலவற்றுக்கு முன்னவர்கள் 'கிரைசோபெர்லா கார்னியா' என்று சீட்டு எழுதியிருக்கிறார்கள். அப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். இந்தியப் பயிர்களில் அந்தப் பெயரில் அழைத்துவந்தது கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவியின் துணையினமான சில்லெமி என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் இன்னொரு துணையினம் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருக்கிறது. இந்தப் பூச்சிகள் வயிற்றை அதிரவைத்து இலை வழியாக இணையை அழைக்கின்றன. உருவத்தால் பிரிக்க முடியாதவற்றை அந்த அதிர்வின் தாளத்தால்தான் பிரித்தார்கள். நம்மிடம் அதற்கான கருவி இல்லை. அதனால் சீட்டில் 'கிரைசோபெர்லா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்தியிருக்கிறேன். பாதிப் பெயர்தான் எழுதுகிறீர்கள் என்று குறைப்பட்ட நண்பருக்கு இதுதான் விளக்கம்.

இதுவரை பச்சை வகை, பழுப்பு வகை, குழிநரி, பெரிய கண்ணும் நீண்ட உணர்கொம்பும் உள்ள ஆந்தை ஈ, கும்பிடுபூச்சிபோல முன்கால் வைத்திருக்கும் மான்டிஸ்பிட் ஆகியவை பதிவாகியுள்ளன. ஆந்தை ஈயைக் குழிநரிக் குடும்பத்திலேயே சேர்த்துவிடலாம் என்று சில ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் ஏற்கட்டும் என்று நான் தனிப் பத்தியிலேயே வைத்திருக்கிறேன்.

பதிவேட்டோடு ஒரு வரைபடமும் வைத்திருக்கிறோம், பின்னால் மேசையில் இருக்கிறது. தயவுசெய்து பாருங்கள். தென்மேற்கே ஆனைமலைப் பக்கம் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். கிழக்கே உடுமலைச் சாலைப் பக்கம் ஒன்றுமே இருக்காது. அங்கே பூச்சி இல்லையென்று அர்த்தமில்லை. நாம் யாரும் போகவில்லை. பாம்பு ஈ என்ற உறவுப் பூச்சி வடகோளத்தில் மட்டும், அதிலும் பெரும்பாலும் குளிர்ந்த பகுதிகளில் இருப்பது. அதற்கு நம் படத்தில் புள்ளி வைக்க முடியாது, அது வேறு. உடுமலைச் சாலையின் வெற்றிடம் அப்படிப்பட்டதல்ல.

வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைப் பதிவு செய்ய ஒன்பது விளக்கு இரவுகள் நடத்தினோம். வெள்ளை வேட்டியைக் கட்டி, பல்பு போட்டு, இரவு பதினோரு மணி வரை. நான்கு இரவுகளில் என்னோடு இருவர் மட்டுமே இருந்தனர். ஓர் இரவு நானும் தோப்புக் காவலாளியும்தான். வாட்ஸ்அப்பில் 'வருகிறேன்' என்று போட்ட பதினான்கு பேரை எதிர்பார்த்து டீ வாங்கிவைத்திருந்தேன். எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை. மறுநாள் ஒருவர் தீப்பெட்டியில் அழகான ஆந்தை ஈ ஒன்றைக் கொடுத்தார். எங்கே, எப்போது என்று கேட்டால் "எங்கயோ வண்டில போறப்ப" என்றார். இடமும் தேதியும் இல்லாமல் அதைப் படத்தில் எங்கே வைப்பேன்? பெட்டியில் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை.

சரி, கணக்கு. விவரங்களைப் பொருளாளர் தனியாக வைப்பார். வரவு போன ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதேதான், கையிருப்பு சொற்பம். பூச்சி ஊசி, மரப்பெட்டி, ஸ்பிரிட், பாச்சை உருண்டை ஆகியவற்றுக்கு ஆன செலவைத் தணிக்கையாளர் கேட்டார். பில் எல்லாம் கோப்பில் இருக்கிறது. இரண்டு பில் என் பெயரில் இருப்பதற்குக் காரணம், அன்று மன்றத்தின் கையில் பணம் இல்லை. அதை நான் திரும்பக் கேட்கவில்லை. 43 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 19. கட்டாதவர்களின் பெயரை இங்கே வாசிக்க மாட்டேன். அவர்களில் சிலர் மூன்றாண்டுகளாக நிலுவை வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், இரவில் தோப்பைத் திறந்துவிட்ட உரிமையாளர்களுக்கும், சீட்டுகளைத் தட்டச்சு செய்த தங்கைக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே செயலாளராக இருக்க வேண்டும் என்று தலைவர் சொல்கிறார். உடுமலைச் சாலைப் பக்கம் மாதம் ஓர் இரவு வர இரண்டு பேர் இன்றே பெயர் கொடுத்தால் இருக்கிறேன். இல்லையென்றால் பதிவேட்டையும் பெட்டிச் சாவியையும் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, அவர் கூப்பிடும் இரவுகளுக்கு வந்து வேட்டி கட்டித் தருகிறேன். பெயர் எழுத வரைபடத்தின் பக்கத்திலேயே நோட்டு இருக்கிறது. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்