ஏட்டையாவையும் கதாநாயகன் ஆக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போலீஸ் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். 1982-இல் ‘மூன்று முகம்’ வந்தபோது அலெக்ஸ் பாண்டியனுக்கு விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் பேரனோடு திருவாரூரில் ஒரு படம் பார்த்தேன். நேர்மையான அதிகாரி நியாயம் கேட்டு அலைகிறார். இடைவேளைக்குள் கோர்ட்டு கைவிட்டுவிடுகிறது, அப்புறம் துப்பாக்கிதான். கடைசிக் காட்சியில் அவருக்குப் பதக்கம் வேறு குத்துகிறார்கள். என்கவுன்டர் நடந்தால் அதை சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும், நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக்கூடாது என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் பேரன் காதில் சொன்னேன். “தாத்தா, படத்தப் பாருங்க” என்றான். சரி, பார்த்தேன்.

டெல்டாவில் எங்களுக்கு வரும் குற்றம் இவ்வளவு பெரியதல்ல. குறுவைக்கு நாற்று விட்டு, ஆற்றுத் தண்ணீர் வருவதற்குள் போர்செட் கேபிளை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு இந்த வருடம் போனது. புகார் எழுதிக்கொண்டு மூன்று நடை நடந்தேன். மனு ரசீது கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். மட்டும் போடவில்லை.

அதே நிலையத்தில் முன்பு ஓர் ஏட்டையா இருந்தார். கேபிள் போச்சு என்றால் வயலுக்கு வருவதற்கு முன் பழைய இரும்புக் கடைகளைத்தான் ஒரு சுற்று சுற்றுவார். மேலுறையை எரித்துச் செம்பை எடுத்திருந்தால் அந்தக் கரி நாற்றம் லேசில் போகாது என்பார். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்குக் கேபிளை மீட்டுக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்ற அன்று யாரும் ஸ்லோமோஷனில் நடக்கவில்லை. டீயும் வடையும்தான்.

இதெல்லாம் படத்துக்கு ஆகாது என்பார்கள். எங்கள் மாவட்டத்துப் பத்தூர் நடராசர் சிலையின் கதை ஆகாதா? 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர், கை மாறிக் கை மாறி லண்டனுக்கே போய்விட்டார். 1982-இல் ஒரு கனடா நிறுவனம் அவரை விலைக்கு வாங்கியது. லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்ற, வழக்கு அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போனது. தொல்லியல் அறிஞர் நாகசாமி நேரில் போய்ச் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கோயிலின் சிவலிங்கமே வழக்கில் ஒரு தரப்பு! 1988-இல் தீர்ப்பு, பிறகு மேல்முறையீடு, 1991-இல் நடராசர் ஊர் திரும்பினார். ஒரு தோட்டா வெடிக்கவில்லை. கரையானை வைத்துத் திருட்டை நிரூபித்த கதைக்கு இடைவேளையில் எழுந்து போக எனக்கு மனம் வராது.

‘தீரன் அதிகாரம் ஒன்று’ எனக்குப் பிடித்ததும் இதனால்தான். அதில் சண்டை நிறைய, ஆனால் கைரேகையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிற அலைச்சலும் இருந்தது. அந்த அலைச்சலை இன்னும் கொஞ்சம் காட்டுங்கள் என்றுதான் நம் இயக்குநர்களைக் கேட்கிறேன்.

திங்கட்கிழமை நான்காவது நடை போகிறேன். ஸ்டேஷன் ரைட்டர் வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கொரடாச்சேரி, திருவாரூர் மாவட்டம்.