காலவெளியின் வடிவமும் கருந்துளைக் கட்டுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருந்துளை பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், தொலைவிலிருந்து வரும் ஒளியைப் போதிய அளவு பதிவு செய்துவிட்டால் காலவெளியின் (இடமும் காலமும் சேர்ந்த நான்கு பரிமாண வெளியின்) வடிவம் முழுவதும் தெரிந்துவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. நெடுங்காலம் வடிவகணிதம் கற்பித்தவன் என்ற முறையில், அது முக்கால் பங்குதான் சரி என்று சொல்ல விரும்புகிறேன்.

விளைவை வைத்துக் காரணத்தைத் தேடும் மறுதலைக் கணக்குகளில், கையிலுள்ள தரவு போதுமா என்பதே முதல் கேள்வி. குளச்சல், முட்டம் பகுதி மீனவர்கள் தேவாலயக் கோபுரத்தையும் அதன் பின்னே தெரியும் மலைமுகட்டையும் நேர்பார்த்துக் கடலடிப் பாரை (மீன் கூடும் பாறைத்திட்டை)த் தேடும்போது, ஒரு ஜோடி அடையாளத்தால் வள்ளம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது மட்டுமே தெரியும். வேறு திசையில் இன்னொரு ஜோடியும் நேரானால்தான் பார் பிடிபடும்.

ஒளி அந்த முதல் ஜோடி. ஒவ்வொரு புள்ளியிலும் நீளத்தையும் நேரத்தையும் ஒரே மடங்கால் பெருக்கினாலும் (அம்மடங்கு இடத்துக்கு இடம் மாறினாலும்கூட) ஒளி செல்லும் பாதைகள் மாறுவதில்லை. குரிலேவ், லாசாஸ், உல்மன் ஆகிய கணிதவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட தேற்றம், காரண ஒழுங்கு குலையாத (விளைவு காரணத்தை முந்தாத) காலவெளியில், ஒரு பார்வையாளர், தொலைவிலுள்ள ஒரு பகுதியின் புள்ளிகளிலிருந்து புறப்படும் ஒளி தம்மருகே எங்கே, எப்போது முதலில் வந்து சேர்கிறது என்பதை மட்டும் கொண்டு, அங்கே போகாமலேயே அப்பகுதியின் வடிவத்தை மீட்டெடுக்க முடியும் என்கிறது; வியப்பான முடிவுதான், ஆனால் அதுவும் இந்த மடங்கு நீங்கலாகவே. மடங்கை அறிய, இரண்டாம் ஜோடியாகக் கடிகாரம் வேண்டும். அப்பகுதி வெற்றிடமாக இருந்தால் பொருளுக்கும் காலவெளியின் வளைவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஐன்ஸ்டைன் சமன்பாடு துணைக்கு வரும்.

இதனோடு சேர்ந்த விறைப்புத் தன்மையை, அதாவது ஒரே ஓர் அளவு முழு வடிவத்தையும் தீர்மானித்துவிடுவதை, கட்டுரை தொடவே இல்லை. சூரியன் அதே நிறையோடு கருந்துளையாகச் சுருங்கினாலும் பூமியின் சுற்றுப்பாதை மாறாது. வெளியே நின்று அளக்கும் நிறை, உள்ளிருப்பதைப் பற்றி அத்தனை கஞ்சத்தனமாகவே பேசும். ஆயினும் கணிதவியலாளர்கள் ஷேனும் யௌவும் 1979-இல் வெளியிட்ட நேர்நிறைத் தேற்றத்தின் (மொத்த நிறை எதிர்மமாகாது என்பதன்) தொடர்ச்சியாக, ஆற்றல் அடர்த்தி எங்கும் எதிர்மமாகாத ஒரு தனித்த அமைப்பின் மொத்த நிறை சுழியானால், அதற்குள் வளைவு என்பதே இருக்க முடியாது என்று தெரிகிறது. மற்ற எந்த மதிப்பும் எதையும் உறுதி செய்யாதபோது, சுழி மட்டும் முழு வடிவத்தையும் பூட்டிவிடுகிறது.

கருந்துளைப் படத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கிய தங்கள் இணைப்பு, இத்தேற்றங்களுக்கும் ஒரு கால் பக்கம் தந்தால் எங்கள் மாவட்டத்துக் கணித மாணவர்கள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
நாகர்கோவில்.