வாசலோடு திரும்பிவிடும் அந்தத் தாயைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. மூன்று வாரங்களாக நீ அழைக்கவில்லை. வேலை மிகுதி என்று அண்ணன் சொன்னான், ஆகவே அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. கடைசியாகப் பேசியபோது, உன் பாலர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டுச் சிறுவன் இரண்டு மாதங்களாக வாய் திறக்கவில்லை என்றும், அவன் தாய் பையைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறாள் என்றும் சொன்னாய். அன்று முதல் அந்தத் தாய் என் நினைவை விட்டு அகலவில்லை.

அவன் பெயரைச் சரியாகச் சொல்கிறாயா? அந்தத் தாயையே நிறுத்தி, ஒருமுறை சொல்லிக் காட்டும்படி கேட்டு, அவள் தலையசைக்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகு. வாயில் நுழையவில்லை என்று சுருக்கிவிடாதே. உன் பெயரைப் பாதியாக்கியவர்களை நீ திருத்தவில்லை; நானும் திருத்தவில்லை.

புதிய மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை சில வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதை எனக்கு விளக்கியவளே நீதான். வீட்டில் தன் மொழியிலும் பேசுவதில்லை என்று தாய் சொன்னால் மருத்துவரிடம் காட்டச் சொல். மற்றபடி பேசு, பேசு என்று நெருக்காதே. தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, அம்மா வருவாள் ஆகிய நான்கையும் அவன் மொழியில் நீ கற்றுக்கொள். அன்றைய வேலைகளை வரிசையாகப் படம் வரைந்து அவன் கண் உயரத்தில் ஒட்டிவைத்தால், எந்தப் படத்திற்குப் பிறகு அம்மா வருவாள் என்பதை அவனே விரல் வைத்துப் பார்த்துக்கொள்வான்.

பெற்றோர் கூட்டத்திற்கு அவள் வரவில்லை என்றாய். அக்கறை இல்லாதவள் என்று முடிவு செய்துவிடாதே. அது அவளுடைய வேலை நேரமாக இருக்கலாம், அழைப்பு அவளால் படிக்க முடியாத மொழியில் இருந்திருக்கலாம், படிவத்தில் கேட்ட ஆவணங்களைக் கண்டே அஞ்சியிருக்கலாம். மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய். வீட்டின் மூத்த பிள்ளையை அதற்கு இழுக்காதே. பத்து வயதில் அண்ணன் சுமந்தது போதும். காலையில் பத்து நிமிடம் அவளை உள்ளே அழைத்துப் பாயில் உட்காரவை. அவன் எப்படித் தூங்குவான், அழுதால் எதற்கு அடங்குவான் என்று கேள். இதையெல்லாம் உன்னைவிட அவள் அறிவாள். பெயரையும் அவளிடமே கேள்.

பயிற்சிக் காலத்தில் நீ ஒருநாள், 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை எனக்குப் படித்துக் காட்டினாய். குழந்தைக்குத் தன் பெற்றோர் மீதும் தன் மொழி மீதும் மதிப்பை வளர்ப்பது கல்வியின் நோக்கம் என்று அதன் 29ஆம் பிரிவில் இருந்தது. என் மகள் இவ்வளவு கற்றுவிட்டாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது; ஆனாலும் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கு அது வருத்தமாக இருந்திருக்கும்.

நாம் இங்கு வந்து சேர்ந்தபோது உனக்கு நான்கு வயது. உன் ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, வீட்டிலும் இந்நாட்டு மொழியிலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் குழந்தை பின்தங்கிவிடும் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்; நானும் நம்பிவிட்டேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்தவை முப்பது சொற்கள் இருக்கும்: வா, போ, சாப்பிடு, சீக்கிரம். அவற்றைக் கொண்டே உன்னை வளர்க்கப் பார்த்தேன். இரவில் நீ "கதை சொல்லும்மா" என்று தமிழில் கேட்டபோது, காதில் விழாதது போலப் போர்வையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தேன். ஒரு வாரம் கேட்டாய். பிறகு கேட்கவே இல்லை. அதன் பின் இத்தனை ஆண்டுகளாக, அவளுக்கு இயல்பாகவே பேச்சு குறைவு என்று உறவினர் எல்லோரிடமும் நானே சொல்லி வந்திருக்கிறேன்.

அந்தத் தாயிடம் நாளைக்கே சொல்: வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், அதிலேயே கதை சொல்லுங்கள், அதனால் பிள்ளை பின்தங்கமாட்டான் என்று சொல். ஆசிரியை சொன்னால் அவள் நம்புவாள்.

இதை நீ எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும். புரியாத இடங்களைக் குறித்து வை. ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் நான் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா