சோதனைக் கீற்று என்ன குற்றம் செய்தது?

ஆசிரியருக்கு,

மற்ற போதைப்பொருள்களில் கலந்து வரும் ஃபென்டனில் என்ற கடும் செயற்கைப் போதை மருந்து 2 மில்லிகிராம் உள்ளே போனாலே உயிர் போகலாம், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்கும் காகிதக் கீற்றைத்தான் அமெரிக்காவில் பல மாநிலங்கள் வெகுகாலம் போதைப்பொருள் பயன்படுத்த உதவும் கருவி என்று தடை செய்து வைத்திருந்தன! போதைப் பொடியில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் கீற்றை நனைத்தால் சில நிமிடங்களில் முடிவு, ஒரு கோடு வந்தால் ஃபென்டனில் இருக்கிறது, இரண்டு வந்தால் இல்லை (கர்ப்பச் சோதனைக்கு நேர்மாறு, குழம்பிவிட வேண்டாம்). சரி, அளவைச் சொல்லாது, சில சமயம் தவறவும் விடும். 2021-இல் அமெரிக்க மத்திய அரசே தன் நிதியில் கீற்று வாங்க அனுமதித்த பிறகும் மாநிலச் சட்டம் அதைக் குற்றமாக்கினால் என்ன நியாயம்? போதையை ஊக்குவிக்கும் என்கிறார்கள் தடையை ஆதரிப்பவர்கள், கீற்றில் ஏது போதை?

இப்படிக்கு,
ஒரு வாசகர்