அடியில் இருக்கும் முத்திரையை நம்பி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனக் கண்ணாடி மூக்குப்பொடிக் குப்பிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படங்களுக்காகவே எடுத்து வைக்கலாம். ஆனால் குப்பியின் அடியில் 'சியான்லோங்' என்ற சீனப் பேரரசரின் முத்திரை இருந்தால் துணிந்து வாங்கலாம் என்று அதில் சொல்லியிருப்பது ஆபத்தான யோசனை.

காங்சி பேரரசர் 1696-இல் பெய்ஜிங் அரண்மனைக்காகக் கண்ணாடிப் பட்டறை அமைத்தார். கிலியன் ஸ்டும்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைத் துறவிதான் அதை முதலில் நடத்தியவர். சியான்லோங் ஆட்சியிலும் (1736–1795) அரண்மனைப் பொருள்கள் சிலவற்றில் முத்திரை உண்டு. ஆனால் நிறத்தின்மேல் நிறம் போர்த்திச் செதுக்கிய குப்பிகளில் பெரும்பாலானவற்றில் முத்திரையே கிடையாது. முத்திரை இல்லாத குப்பியில் அதன் நான்கு சீன எழுத்தைப் பின்னாளில் வெட்டிச் சேர்ப்பது பெரிய வித்தையும் அல்ல.

வேலைப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நிறத்தில் குப்பியை ஊதி, அதன்மேல் வேறு நிற உருகிய கண்ணாடியைப் போர்த்தி, மெல்ல ஆறவிடுவார்கள். பிறகு ஜேடு என்ற கடினமான அணிகல்லைச் செதுக்குவது போலவே, சுழலும் சக்கரத்தில் ஈர உராய்வுப் பொடி தடவி, வேண்டாத மேலடுக்கைத் தேய்த்து எடுப்பார்கள். உளிக்கு இதில் வேலை இல்லை.

10 மடங்கு லென்ஸை எடுத்து, செதுக்கிய உருவமும் அதன் பின்புலமான தரையும் சேரும் மூலையைப் பாருங்கள். சக்கரத்தில் வெட்டியது என்றால் உருவத்தின் பக்கச்சுவர் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். விளிம்பு கூர்மையாக இருக்கும். மெல்லிய இணைகோடுகள் எங்கேயாவது தென்படும். பூவிதழுக்கும் இலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில்கூடத் தரையைச் சமமாக்கி மெருகேற்றியிருந்தால் அது நல்ல கை. அச்சில் அழுத்திய மலிவுப் பொருளில் சுவர் வெளிப்புறம் சாய்ந்திருக்கும்; சாய்வு இல்லாவிட்டால் அச்சிலிருந்து கழலாதே! பக்கவாட்டில் இணைப்புக் கோடு தெரியும், தரை ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாக இருக்கும். அமிலத்தில் அரித்ததில் விளிம்பு மழுங்கி, மூலை குடைந்தாற்போல் வளைந்திருக்கும்.

சிக்கலே இதற்குப் பிறகுதான். இன்றும் சக்கரத்தில் வெட்டிப் புதிய குப்பிகள் செய்கிறார்கள். ஆகவே வெட்டு நன்றாக இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. குப்பி நிற்கும் அடிவளையத்தின் தேய்மானத்தைப் பாருங்கள். இயல்பான கீறல்கள் பல திசையில், ஆழம் மாறிமாறி இருக்கும். பழசாகக் காட்ட மணல்தாளில் தேய்த்தவை ஒரே போக்கில் ஓடும். உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்பை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், தேயிலைச் சாறு ஊற்றினாலும் அதே கறைதான்.

கழுத்தைத் தவறாமல் கவனியுங்கள். வாய் விளிம்பு உடைந்தால் அதைத் தேய்த்துச் சமமாக்கி விற்பது வழக்கம். உடலின் அளவுக்குக் கழுத்து குட்டையாக இருந்தாலோ, வேலைப்பாட்டின் மேல்முனை வெட்டுப்பட்டாற்போல் நின்றாலோ விலையைக் குறைத்துக் கேளுங்கள். மூடி மாறியிருப்பதற்காக மட்டும் நல்ல குப்பியை விட்டுவிடாதீர்கள். அசல் மூடியோடு கிடைப்பதே அபூர்வம். மூடியில் உள்ள, பொடி எடுக்கும் சிறு கரண்டி அடிவரை எட்டாவிட்டால் அது வேறு குப்பியின் மூடியாக இருக்கலாம்.

கட்டுரை தொடாத இன்னொன்று கண்ணாடி நோய். உப்புக்காரம் கூடி, சுண்ணாம்பு குறைந்த கலவையில் செய்த குப்பி காற்றின் ஈரத்தை இழுக்கும். மேற்பரப்பு வழவழத்து வியர்க்கும். பிறகு உள்ளே நுண்விரிசல் வலைபோலப் பரவும். விரிசல் விழுந்துவிட்டால் திருப்ப வழியில்லை. அப்படிப்பட்ட குப்பியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, வெயிலிலோ விளக்குச் சூட்டிலோ வைக்கவும் கூடாது. ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கும்படி, சிலிக்கா ஜெல் வைத்த மூடிய பேழையில் வையுங்கள். தக்கை இறுகியிருந்தால் திருகி இழுக்காதீர்கள். கரண்டி முறிவதும் வாய் விளிம்பு தெறிப்பதும் அந்த இழுப்பில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி