மூன்று தட்டுக் கேக்கும் நீர்கொழும்புப் பயணமும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கலியாணம் நிச்சயமானதையும், முழங்கால் வலி குறைந்து அப்பாவே மண்டபத்துக்கு நடந்து வரப்போவதையும் வாசித்து மனம் நிறைந்தது. நாங்கள் இங்கே எல்லோரும் சுகமே.

கேக்கை இங்கேயே மூன்று தட்டாக அடுக்கி அலங்கரித்து, அப்படியே நீர்கொழும்புக்குக் கொண்டுவந்து இறக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். சிலர் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். உன் மகளின் கேக்கை நான் அப்படிக் கொண்டுவர மாட்டேன். மூன்று தட்டும் சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும். அத்தனை பாரம் உயரமாக நிற்கும்போது, சாரதி ஒருமுறை சட்டென்று பிரேக் போட்டாலே மேல்தட்டு வழுக்கிவிடும். பேலியகொடையில் ஏறிவிட்டால் கட்டுநாயக்க அதிவேகப் பாதை சீராகத்தான் இருக்கும். வெள்ளவத்தையிலிருந்து அதுவரை, சிக்னலுக்குச் சிக்னல் நின்று, குறுக்கே வெட்டும் பஸ்களுக்கு வழிவிட்டுப் போகும் தூரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

இங்கே பலர் செய்வதுபோல, ரெஜிபோம் என்னும் இலேசான நுரைப்பலகையில் ஐசிங் பூசி, வெட்டுவதற்கு ஒரு தட்டை மட்டும் உண்மைக் கேக்காக வைத்து, விருந்தினருக்குச் சிறு பெட்டிகளில், உலர்பழங்கள் நிறைந்த ரிச் கேக் கொடுத்தால் பயணம் மிக இலகுவாகிவிடும். ஆனால் மூன்று தட்டும் உண்மையாக இருக்கவேண்டும் என்பது பிள்ளையின் ஆசை என்றால், அதை நிறைவேற்றிக் கொடுக்கவே எனக்கும் விருப்பம். அடித்தட்டை ரிச் கேக்காகவும் மேலிரண்டையும் பட்டர் கேக்காகவும் செய்கிறேன். கனமும் இறுக்கமும் கீழே இருக்கட்டும்.

தட்டுகளைத் தாங்குவது கேக் அல்ல, உள்ளே மறைந்திருக்கும் குச்சிகள்தான். ஒவ்வொரு தட்டும் தன் அளவுக்கே வெட்டிய மெல்லிய அட்டையில் இருக்கும். கீழுள்ள இரண்டு தட்டுகளிலும், அந்தந்தத் தட்டின் உயரத்துக்குச் சரியாக நறுக்கிய குச்சிகளைச் செங்குத்தாக இறக்குவேன். ஒரு குச்சி சற்றுக் குட்டையாகிவிட்டால் மேலிருக்கும் பாரம் முழுவதும் அந்தப் பக்கமாகச் சாயும். ஆகவே இந்த வேலையை ஒருபோதும் அவசரத்தில் செய்வதில்லை. மூன்றையும் ஊடுருவும் நடுக்கோலை மண்டபத்தில் அடுக்கிய பிறகே இறக்குவேன்.

அடுத்தது வெயில். வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். கொழும்பின் பகல் வெப்பமே அதை எட்டிப் பிடிக்கிறது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கேட்கவே வேண்டாம். அதனால் பட்டர் ஐசிங் பூசிய தட்டுகளை முதல்நாள் இரவே பிரிட்ஜில் வைத்து இறுகச் செய்து, வானின் ஏசியை முன்கூட்டியே ஓடவிட்ட பின்னர்தான் ஏற்றுவேன். குளிர்ந்த கேக்கை நம் ஈரக்காற்றில் உடனே திறந்தால் மேலே நீர்த்துளி படிந்து நிறம் வழியும்; மூடிய பெட்டிக்குள்ளேயே அது மெல்ல மெல்லச் சூடு ஏறவேண்டும். சர்க்கரைப் பூக்கள் பிரிட்ஜின் ஈரத்தில் துவண்டுவிடுமாதலால் அவை தனிப்பெட்டியில் வரும்.

மூன்று பெட்டிகளும் வானின் தரையில், ரப்பர் விரிப்பின்மேல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும். ஆசனம் பின்பக்கம் சரிந்திருப்பதால் அதில் வைக்கக்கூடாது. உன் தங்கை மடியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாளாம். அவளுடைய அன்புக்கு நன்றி, ஆனால் உடம்புச் சூடும் அசைவும் கேக்குக்கு ஆகாது. அவள் என் பக்கத்தில் பேசிக்கொண்டு வரட்டும், அதுவே எனக்குப் பெரிய துணை.

அலுவலக நெரிசல் தணிந்ததும் காலை பத்து மணியளவில் புறப்பட எண்ணியிருக்கிறேன். விருந்து இரவில்தான் என்பதால், மதியத்திலிருந்தே மண்டபத்தில் ஏசி போட்டுவைப்பார்களா, மேல்மாடியென்றால் லிப்ட் இருக்கிறதா என்று நீ இப்போதே விசாரித்துவிடு. கேக் மேசை ஆடாததாகவும் யன்னல் வெயில் படாததாகவும் இருக்கவேண்டும். மேசையின் நீள அகலத்தையும் அளந்து எழுது. அடிப்பலகையை அதற்கேற்பத்தான் வெட்டவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழி